தீக்குச்சிக் கிரீடம்

என் மகள் அம்மன் வேஷம் கட்டி வீடு வீடாகப் போன அந்தப் பங்குனியில் எனக்கு இருபத்து நாலு வயது. நயா பைசா புழக்கத்துக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மகளுக்கு ஆறு முடிந்திருந்தது. இடுப்பில் ஒன்பது மாதக் கைக்குழந்தை. நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் எழுதவும் நேரம் பிடிக்கிறது. ஆனால் எழுதும்போது எதிரே நின்று முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. அது எனக்குப் போதும்.

வீடு கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுக்குக் கீழ்ப்புறம். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் பஞ்சாலை வேலைக்குப் போனார்கள். ஒரே வீடு, ஒரே உலை. நான் கயத்தாறு பக்கத்துக் காட்டு ஊரில் பிறந்தவள். கொழுந்தன் பெண்டாட்டி தூத்துக்குடிக்காரி. எட்டாம் வகுப்பு படித்தவள், கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லாதவள். மாமியார் எங்களைப் பெரியவளே, சின்னவளே என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவளைச் சின்னவள் என்றே எழுதுகிறேன்.

அவள் மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முதலில் அது அவள் படிப்பின் மேல் இருந்தது. பிறகு அவள் யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவதன் மேல். பால்காரரானாலும் பஞ்சாலைக் கணக்கப்பிள்ளையானாலும் அவள் நேரே முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறவள். அதெல்லாம் சின்ன எரிச்சல்தான், சோறு பொங்கும்போது வரும், சாப்பிட்டதும் போய்விடும். பெரிசு பிறகு வந்தது.

முந்தின வருஷம் மாசியில் மகளுக்கு அம்மை போட்டது. நான் அப்போது ஐந்து மாதம். கர்ப்பக்காரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்கள். சின்னவள்தான் உள்ளறையில் பாய் விரித்து மகளோடு படுத்தாள். சொறிந்துவிடக் கூடாதென்று பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டினாள். வேப்பிலையால் தடவிக் கொடுத்தாள். பிள்ளை குடித்த டம்ளரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள். பார்க்க வந்த ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. நான் சமையல் கட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மகள் முதல் இரண்டு நாள் அம்மா அம்மா என்று முனகியது கேட்டது. மூன்றாம் நாள் சித்தி என்றாள். அப்புறம் சித்தி மட்டும்தான்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே கொண்டுவந்தபோது பிள்ளையின் முகத்தில் ஒரு தழும்பு இல்லை. தெருவே வந்து பார்த்துச் சின்னவளைப் புகழ்ந்தது. நான் கையை நீட்டினேன். மகள் என்னை யாரோ என்று பார்த்துவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது. பிள்ளை உள்ளே கிடந்தபோது நான் அடுப்படியில் நின்று நேர்ந்திருந்தேன். பிள்ளை பிழைத்து எழுந்தால் மறுவருஷத்திலிருந்து மூன்று வருஷம் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அவளுக்கு அம்மன் வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி, கோயிலில் கஞ்சி ஊற்றுகிறேன் என்று. அந்த நேர்ச்சை என்னுடையது. அதில் சின்னவளுக்குப் பங்கு கிடையாது.

எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள் நேர்ச்சை உள்ள பிள்ளைகள் எல்லாம் வேஷம் கட்டும். குறத்தி, புலி, குரங்கு, போலீஸ்காரர், உடம்பெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி வைத்துக்கொண்டு சில. கூட்டமாக ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்கும். வீட்டுக்காரி வந்து பிள்ளைகளின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள், சூடம் காட்டுவாள், பையில் அரிசியோ கம்போ போடுவாள். மடியில் பொரிகடலை, வெல்லம், முறுக்கு. பிள்ளைகளுக்கு அரிசி முக்கியமில்லை. மடிதான் முக்கியம்.

அந்த வருஷம் தெருப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பொறுப்பு எப்படிச் சின்னவள் கைக்குப் போனது என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு முந்தின பொங்கலில் ஒரு பையனுக்குப் புலி வேஷம் போட்டபோது, மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்டைப் பூசிவிட்டார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்ததில் முதுகுத் தோல் வழன்று போனது. இன்னொரு பிள்ளை பதினைந்து வீட்டுப் பானகத்தைக் குடித்து வயிற்றோட்டம் கண்டு, பொங்கலன்று ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதை நினைத்துத்தான் தாய்மார்கள் அம்மைக்குப் பார்த்தவளையே இதற்கும் பார்க்கச் சொன்னார்கள் போலிருக்கிறது.

அவள் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். பெயிண்ட் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தடவி அதன் மேல் சுண்ணாம்பும் செம்மண்ணும் அடுப்புக்கரியும் போதும் என்றாள். குரங்கு முகமூடியின் கண் ஓட்டை சிறிசாக இருந்ததைக் கத்தியால் அகலமாக்கிக் கொடுத்தாள். வெறுங்காலோடுதான் போகவேண்டும் என்றவர்களிடம், கோயில் வாசலில் கழற்றினால் போதும், கரிசல் மண் கொதிக்கிறது, பிள்ளைக்குக் கால் வெந்தால் அம்மனுக்கு என்ன லாபம் என்றாள். மடியில் விழுவதை வழியில் தின்னக் கூடாது, வீட்டுக்கு வந்து துணியில் கொட்டி, பழசைத் தள்ளிவிட்டுத்தான் தின்னவேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரை அவளே தூக்கி வருவாள். ரயில்வே கேட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு நாள் முன்னதாக நாற்பது வீட்டுக்கும் அவளே நடந்துபோய், சூடத் தட்டை முழங்காலுக்கு மேலே தூக்காதீர்கள், பிள்ளைகள் மேலே காகிதமும் பஞ்சுமாக ஒட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள். நாற்பது வீட்டு வாசலில் நின்று பேசியிருக்கிறாள். எனக்கு நாலு வாசல் ஏறவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எதிர்வீட்டுக்காரி என்னிடம் வந்து, "ஏட்டி பெரியவளே, நேர்ச்ச ஒன்னோடதுன்னாவ. ஆனா எல்லாம் அவளுல்லா செய்யுதா. பிள்ளயப் பெத்தது நீதானா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கிரீடம் நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

நான் கல்யாணத்துக்குப் பிறகு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவள். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மருந்தில் தோய்க்கிற மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதில் எனக்கு நல்ல கை. கைக்குழந்தை வந்தபின் வீட்டிலேயே பெட்டி ஒட்டிக் கொடுத்தேன். மரச்சில்லு, நீலக் காகிதம், லேபிள், பசை எல்லாம் வீட்டில் கிடக்கும். சின்னவளுக்கு இந்த வேலை தெரியாது. ஒரு நாள் ஒட்டிப் பார்த்தாள், பெட்டி கோணிக்கொண்டு நின்றது. நான் அதை மாமியாரிடம் காட்டினேன். அப்படிப்பட்டவள் நான்.

சில்லை வளைத்து வட்டமாக்கி, முன்பக்கம் கோபுரம் மாதிரி உயர்த்தி, நீலக் காகிதம் ஒட்டினேன். லேபிளில் இருந்த மயில் படத்தை வெட்டி இரண்டு பக்கமும் வைத்தேன். அதற்குப் பிறகும் அது வெறும் காகிதமாகத்தான் தெரிந்தது. கல் வைத்த மாதிரி ஏதாவது வேண்டும். ஆபீசில் தலை சரியாக வராத கழிவுக் குச்சிகளை ஒரு மூலையில் குவித்திருப்பார்கள். பெட்டிக்குச் சில்லு வாங்கப் போனபோது அதில் மூன்று கைப்பிடி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். நல்ல சிவப்பு மருந்து. குச்சியை நகத்தளவுக்கு நறுக்கி, தலை வெளியே தெரியும்படி நெருக்கமாக ஒட்டினேன். மூன்று வரிசை. அடுக்கிப் பழகிய கை ஆனதால் ஒன்று கூடக் கோணவில்லை. முடித்துத் தூக்கிப் பிடித்தபோது பவழம் பதித்தது மாதிரியே இருந்தது. என் கையால் அவ்வளவு அழகாக ஒன்று அதற்கு முன்னும் செய்ததில்லை, அதற்குப் பின்னும் இல்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆபீசில் பீடி பற்றவைத்தவனை அடித்தே துரத்துவார்கள். தலைக்குள் அந்த நினைப்பு வந்தது. ஆனால் எங்களுக்கு அதோடு அவ்வளவு பழக்கம். பெட்டிப் பக்கத்தில் உரசினால்தானே பிடிக்கும், சும்மா கிடக்கிற குச்சி என்ன செய்யும் என்பதுதான் எங்கள் எண்ணம். எங்கள் பிள்ளைகள் கழிவுக் குச்சியில் வீடு கட்டி விளையாடும். சூடம்? சூடத் தட்டைத்தான் எல்லாரும் முழங்காலுக்குக் கீழே பிடிக்கப்போகிறார்களே. சின்னவள் நாற்பது வீட்டிலும் சொல்லிவைத்ததை நம்பித்தான் அவளுக்குத் தெரியாமல் அந்தக் கிரீடத்தைச் செய்தேன். இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

கம்பு கொட்டிவைக்கும் குலுக்கைக்குள் அதை மறைத்துவைத்தேன். அன்று காலை மகளுக்குப் பாவாடை கட்டி, மஞ்சள் பூசி, கண்ணுக்கு மை எழுதியது சின்னவள். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைக்க உள்ளே போன சமயத்தில் நான் கிரீடத்தை எடுத்துவந்து மகளின் தலையில் வைத்து நாடாவை முடிந்தேன். மகள் கண்ணாடியில் பார்த்தாள். "அம்மா, இது யாருக்கு?" என்றாள். ஒனக்குத்தான் என்றேன். என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். அம்மை போட்டதற்குப் பிறகு அவளாக வைத்த முதல் முத்தம்.

சின்னவள் வெளியே வந்து பார்த்தாள். நல்லா இருக்கு அக்கா என்றாள். தூரத்திலிருந்து பார்த்ததால் சிவப்புப் பாசிமணி என்று நினைத்தாளாம், பிறகு சொன்னாள். கிட்டே வந்து பார்க்க நான் இடம் கொடுக்கவில்லை.

பதினோரு பிள்ளைகள். முன்னால் சின்னவள், ஒரு கையில் நாய்க்குக் கம்பு, ஒரு கையில் தண்ணீர்த் தூக்கு. பின்னால் நான், இடுப்பில் குழந்தை, தோளில் அரிசிப் பை. ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தட்டைக் கீழே பிடித்தார்கள், சூடத்தின் புகை மட்டும் மேலே வந்தது. ஒரு வாசலிலிருந்து இறங்கியதும் சின்னவள் முன்னால் நின்றபடியே கம்பை நீட்டிப் பிள்ளைகளை எண்ணுவாள். பத்து, பதினொன்று என்று முடிந்தபிறகுதான் அடுத்த வீடு. புலி வேஷக்காரப் பையன் தன்னை இரண்டு தடவை எண்ணவைக்கக் குனிந்து மறுபடி வரிசையில் புகுந்தான். பிள்ளைகள் சிரித்துக் குலுங்கினார்கள். என் மகளும்தான்.

எல்லா வாசலிலும் ஒரே பேச்சு. சின்னவ எப்படிப் பாத்துக்கிடுதா பாரு, சொந்தப் பிள்ளய மாதிரில்லா. கிரீடத்தை ஒருத்தி கூடக் கவனித்துக் கேட்கவில்லை. மகளும் ஒரு வாசலில் கூடப் பின்னால் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சித்தி எங்கே நிற்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கால் வலிக்கிறது என்று சொன்னாள், அதுவும் அவளிடம். நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

நாற்பது வீடும் முடிந்து ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். உச்சிப் பொழுது ஆகவில்லை. கேட்டுக்கு மேல்புறம் பருத்திக் கமிஷன் கடைக்காரர்களின் பெரிய வீடுகள். சின்னவள் பிள்ளைகளை வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் மகளின் கையைப் பிடித்தேன். வா, இன்னும் ரெண்டு வீடு போயிட்டு வந்திருவோம், நாம ரெண்டு பேரும் மட்டும் என்றேன். சித்தி என்று இழுத்தாள். சித்தி பின்னாடி வருவா என்று பொய் சொன்னேன்.

அவளைக் கேட்டைத் தாண்டிக் கூட்டிப்போனேன். அந்த இருபது அடி தூரம் என் மகள் என் மகளாக இருந்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் குதித்துத் தாண்டினாள்.

முதல் பெரிய வீட்டு வாசலில் நின்றோம். வீட்டுக்கார அம்மாள் வந்தாள். வெள்ளிச் செம்பில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். என்ன அழகான கிரீடம், யார் செய்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவ்வளவு பெரிய வீட்டு வாசலில் என் வாயிலிருந்து தெளிவாக ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். அவள் வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு குடம் தண்ணீரும் மோரும் கொண்டுவரச் சொன்னாள். நல்ல மனசுக்காரி. தட்டில் சூடத்தை அள்ளி வைத்துக் கொளுத்தி, அம்மனுக்குக் காட்டுகிறது மாதிரி முகத்துக்கு நேரே தூக்கினாள்.

தட்டு உயருவதை நான் பார்த்தேன். இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கீழே பிடியுங்கள் அம்மா என்று மூன்றே வார்த்தைதான். என் வாய் திறந்துகூட விட்டது. ஒரு பெரிய வீட்டுக்காரியிடம் அப்படிச் சொல்லலாமா, என்ன நினைப்பாள் என்று ஒரு கூச்சம். அதோடு இன்னொன்று. அவள் கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

ஒரு சுற்று சுற்றினாள். இரண்டாவது சுற்றில் சீறுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு தலை, பிறகு பக்கத்துத் தலை. நான் நெருக்கமாக அடுக்கியிருந்த வரிசையில் தீ ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் வட்டம் முழுக்கப் பிடித்துவிட்டது. மகள் கத்தினாள். வீட்டுக்காரி தட்டைக் கீழே போட்டாள். நான் நின்றேன். இடுப்பில் குழந்தை, தோளில் பை, அதனால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மை இல்லை. என் காலும் கையும் என்னுடையவையாக இல்லை.

என்னைத் தள்ளிக்கொண்டு யாரோ போனார்கள். சின்னவள். நிழலில் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாளாம், பத்தோடு நின்றதாம். முடிந்திருந்த நாடாவை அவிழ்க்க நேரமில்லை. எரிகிற கிரீடத்தை இரண்டு கையாலும் பற்றி இழுத்து எறிந்தாள். வேலைக்காரப் பெண் கொண்டுவந்த குடத்தை அப்படியே மகளின் தலையில் கவிழ்த்தாள். பிறகு மகளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, சித்தி வந்துட்டேன்" என்றாள். அந்த நேரத்திலும், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அந்த வார்த்தை சுட்டது.

மகளுக்கு முன்தலை முடி பொசுங்கி, வலது காதும் காதுக்குப் பின்னாலும் வெந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. சின்னவளுக்கு இரண்டு உள்ளங்கையும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் களிம்பு போட்டு விரல் தெரியாமல் துணி சுற்றிவிட்டார்கள்.

வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். காகிதக் கிரீடத்தில் சூடம் பட்டுவிட்டது என்று சின்னவள் சொன்னாள். மாமியார் கேட்டுக்கு மேல்புறத்துக்காரியை அவள் காதில் விழாத தூரத்திலிருந்து ஏசினார்கள். என் வீட்டுக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கருகிய மிச்சத்தைச் சின்னவள் அங்கேயே கழிவுநீர் ஓடையில் காலால் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். அவள் கையில் ஒட்டியிருந்த மருந்து வாடையை எனக்குத் தெரியும். ஆபீசில் எத்தனை வருஷம் முகர்ந்த வாடை.

கை இரண்டும் கட்டுப்போட்டிருந்ததால் அவளுக்குச் சோறு ஊட்டுவது என் வேலையானது. தலை வாரிவிடுவது, சேலை கட்டிவிடுவது, முகம் கழுவிவிடுவது எல்லாம் நான்தான். நான் பிசைந்து ஊட்டுவேன், அவள் வாயைத் திறப்பாள். மகள் அவள் மடியில் காதில் களிம்போடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரு வாய், இவளுக்கு ஒரு வாய். என் கையால் ஊட்டியும் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தான் மென்றார்கள்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ மகள் தூங்கிவிட்டாள். சின்னவள் மெதுவாக, "அக்கா, குச்சித் தலன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "சொல்லேன். ஒன்னய யாரு வேண்டாம்னா? இதுலயும் நீதான் நல்லவளா ஆவணுமா?"

"சொன்னா எல்லாரும் ஒங்கள ஏசுவாவ. பிள்ள அதக் கேட்டுக்கிட்டுக் கெடக்கும். பொறவு ஒங்ககிட்ட வராது. அப்படிக் கெடைக்கிற பிள்ள எனக்கு வேண்டாங்கா."

நான் அடுத்த கவளத்தை உருட்டினேன். வாயைத் திற என்றேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். பிறகு அவளுக்கும் இரண்டு பையன்கள் பிறந்தார்கள், நாங்கள் தனித்தனி வீடு போனோம், அவள் தலை நரைத்தது. அந்த ஒரு பேச்சுக்காக மட்டும் நான் அவளை மன்னிக்கவே இல்லை.

மகள் என்னிடம் சண்டை போடவில்லை. ஒதுங்கினாள், அவ்வளவுதான். ஒரு நாள் நான் காதுக்குக் களிம்பு போட உட்கார்ந்தபோது முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "அம்மா, நீ ஏன் சும்மா நின்ன?"

கையில் தம்பி இருந்தான் என்று சொல்ல நினைத்தேன். "பயந்துட்டேன்" என்றேன். "சித்தியும்தான் பயந்தா. அவ நெஞ்சு அடிச்சது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். களிம்பு போட்டு முடித்தேன். எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

நேர்ச்சையில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. மறு பங்குனி வந்தது. வேஷமே வேண்டாம், பூசாரியிடம் கேட்டு அபராதம் கட்டிவிடலாம் என்று மாமியார் சொன்னார்கள். மகள் போவேன் என்றாள். ஆனால் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன், கிரீடம் வைக்க மாட்டேன் என்றாள். அம்மாவும் வரட்டும் என்று சின்னவள் சொன்னாள். மகள் எழுந்து வாசலுக்கு விளையாடப் போய்விட்டாள்.

இரண்டு நாள் முன்னதாக வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்குச் சின்னவளால் முடியவில்லை. அவளுக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில், மசக்கை. வேஷத்தன்றைக்கு மெதுவாக நடந்து வருவதே பெரிசு. நான் போகிறேன் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதல் நாள் போய் எட்டு வாசல் ஏறினேன், நாலு வாசலில் பேச்சு வராமல் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொன்ன வீட்டிலும் ஞாபகம் வைத்திருப்பார்களோ என்னவோ. அதனால் வேஷத்தன்றைக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் பத்து வீடு தள்ளி நானே போவது என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாசலாக நின்று, தட்டைக் கீழே பிடிக்கிறேன் என்று அந்த வீட்டுக்காரி வாயால் சொன்னபிறகு அடுத்த வாசல்.

அப்படி முன்னால் போனதால் மகளின் வேஷத்தை அன்று நான் பார்க்கவில்லை. சின்னவள்தான் கட்டிவிட்டாள். வேப்பங்கொழுந்தும் அரளிப் பூவும் வைத்துப் பின்னியிருக்கிறாள், பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் என் மகளின் சிரிப்பு எது என்று பிரித்துக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பக்கத்தில் சின்னவளின் குரல் இருந்தது. திரும்பிப் போய் அந்தக் கையை என் கையில் வாங்கிக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு வாசலிலும் நினைத்தேன். போனால் அடுத்த வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

தெருக்கோடியில் ஒரு வீடு, மணியாச்சியிலிருந்து மாற்றலாகி வந்த ரயில்வேக்காரர் குடியிருந்தார். அவர் சம்சாரம் புதிசு, எங்களை யாரென்று தெரியாது. சூடத் தட்டோடு வாசலில் நின்று தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்து, "அந்தா வருதே அம்மன் வேசம், கொள்ள அழகு. கையப் பிடிச்சிக்கிட்டு வாராளே, அவதான் அம்மாவா?" என்று கேட்டாள்.

நான் திரும்பவில்லை. நான்தான் அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"முழங்காலுக்கு மேல தூக்கிறாதீங்கம்மா" என்று இன்னொரு தடவை சொன்னேன். அவள் தட்டைத் தாழ்த்திப் பிடித்துக் காட்டினாள். அது போதாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் கீழே என்று கையால் காட்டி, அவள் அப்படியே பிடித்ததைப் பார்த்துவிட்டு, நான் படி இறங்கினேன்.